யப்பான்காரன் குண்டு போட்ட வருசம்

எங்கள் மூத்தம்மாவுக்குத் திகதிகள் தெரியாது. என் உம்மா எப்போது பிறந்தார் என்று கேட்டால், "யப்பான்காரன் குண்டு போட்டதுக்கு மறு வருசம்" என்பார். சென்ற மாதம் ஒரு சனி, ஞாயிறு இரு தினங்களும் அந்த வருசத்தைத் தேடித் திருகோணமலைப் பக்கம் திரிந்தேன்.

சனி காலை கிண்ணியாவில் நண்பர் வீட்டில் புட்டும், எருமைத் தயிரும், மீன் ஆணமும். புட்டு பஞ்சாக இருந்தது. பச்சரிசி மாவா என்று கேட்டேன். நண்பரின் மனைவி சிரித்தார். "இல்ல காக்கா, கோதும மாவ அவிச்சி அரிச்சது."

இஞ்சி போட்ட பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டே அதைத்தான் யோசித்தேன். அக்காலத்தில் இலங்கையர் உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியர் வசமானதும் அந்தக் கப்பல்கள் நின்றன. அரிசி கூப்பனுக்கு மாறியது. குறைந்த இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. ஒரு கொத்து அரிசியை மூன்று நாள் கஞ்சியாகக் காய்ச்சிய கதையை மூத்தம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். கோதுமை மாவை அவித்துப் புட்டாக்கும் கைப்பழக்கம் நம் குசினிகளில் வேரூன்றியது அந்தப் பஞ்சத்தில்தான் என்பது என் ஊகம். யுத்தம் போய்விட்டது, மா போகவில்லை.

2009 இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்து சீனக்குடாவுக்குப் போனோம். பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானமொன்று அவற்றில் ஒன்றின் மீது வீழ்ந்து எரிந்தது. உருகிச் சரிந்த இரும்பு இன்னும் துருப்பிடித்துக் கிடக்கிறது. அன்றே மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' மூழ்கடிக்கப்பட்டது. விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் தாக்குதல் வருமென்று முதல்நாள் இரவு அவசரமாகத் துறையை விட்டபோது அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. 307 பேர் மாண்டனர்.

ஞாயிறு காலை நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானம். ஒவ்வொரு கல்லிலும் பெயர், பதவி, திகதி. புல் அளவாக வெட்டப்பட்டிருந்தது. நம்மவர் எவரது கல்லையும் இவ்வளவு காலம் எவரும் இப்படிப் பராமரித்ததை நான் கண்டதில்லை. பொறாமை என்றே சொல்ல வேண்டும்.

மத்தியானம் விடைபெறப் போனபோது நண்பரின் மனைவி ஒரு முட்டி தயிரைக் கட்டித் தந்தார். அவர் மூதூர்க்காரி. 2006 ஓகஸ்டில் ஊரே வெளிக்கிட்டுக் கந்தளாய்க்கு நடந்தபோது அவரும் நடந்தவர். எந்தத் திகதி என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஞாபகமில்ல காக்கா. அடுப்புல புட்டு வெந்துகொண்டிருந்திச்சி. அப்படியே உட்டுட்டு வந்த."