கொள்கலன்

கொள்கலன் (பெயர்ச்சொல்): கொள் + கலன், வினைத்தொகை. ‘கலம்’ என்பதன் கடைப்போலி ‘கலன்’. பாண்டமும் கலம், கப்பலும் கலம், 12 மரக்கால் நெல்லும் ஒரு கலம்.

1. சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டி. நெடுஞ்சாலையில் லாரி மீது போவது. பேச்சில் ‘கன்டெய்னர்’.

2. (கணினி) ஒரு செயலியை, அது இயங்கத் தேவையான கோப்புகளோடு சேர்த்துக் கட்டித் தனியே ஓட்டும் முறை. 2013இல் வந்த டாக்கர் என்ற மென்பொருள் இதைப் பரவலாக்கியது. இணையப் பாடத்துக்குள்ளேயே ஆய்வகம் வைக்க இது உதவும்: மாணவர் பொத்தானை அழுத்தியதும் சர்வரில் அவருக்கென ஒரு கொள்கலன் எழும், பாடத்தின் பக்கத்திலேயே கட்டளைத் திரை திறக்கும். எல்லாக் கோப்புகளையும் அழித்தாலும் கெடுவது அந்தக் கொள்கலன் மட்டுமே. மூடிவிட்டுப் புதிதாய்த் தொடங்கலாம். தனி இயங்குதளத்தைச் சுமக்காமல் சர்வரின் இயங்குதள உட்கருவையே (கெர்னல்) பகிர்வதால் சில நொடிகளில் தயாராகிவிடும்.