ஊதுகுழலில் இருந்து செம்புச் சுருள் வரை

விருத்தாசலத்தைப் பீங்கான் ஊருன்னு சொல்வாங்க. அகல்விளக்கு, கொலு பொம்மையோட, மின்சாரத்துக்கான பீங்கான் பியூஸ் கட்டையும் இங்கே செய்றாங்க. அந்தக் கட்டையில் ஒரு விஷயம் கவனிங்க. உள்ளே இருக்கிற பித்தளைத் துண்டைப் பீங்கானோடு சேர்த்துச் சூளையில் வைக்க முடியாது. பீங்கான் வேக 1200 டிகிரிக்கு மேல் வேணும். பித்தளை 950 டிகிரிக்குள்ளேயே உருகிடும். சூளைக்கு ஆள் பார்க்கத் தெரியாது, எல்லாத்தையும் சுடும். அப்போ வேண்டிய இடத்தை மட்டும் சுடுறது எப்படி? உலோகத்தை ஒட்டவைக்கிற வரலாறே இந்தக் கேள்விதான்.

நம்ம பொற்கொல்லர்கள் இதுக்கு மூச்சைப் பயன்படுத்தினாங்க. இரண்டு தங்கத் துண்டுக்கு நடுவே, தங்கத்துக்கு முன்னாடியே உருகுற பற்றாசுப் பொடி. சூட்டில் படியுற ஆக்சைடைக் கரைக்க வெண்காரம். விளக்குச் சுடரை ஊதுகுழலால் இணைப்பின் மேல் திருப்பி ஊதினா, பொடி மட்டும் உருகி இடுக்கில் ஓடிப் பிடிச்சுக்கும். சூட்டை அளக்க மீட்டர் கிடையாது. நிறம் பார்க்கிற கண்தான்.

அந்த மூச்சுக்கு ஒரு விலை இருந்தது. கடைப் பலகையில் 'கே.டி.எம்.' பார்த்திருப்பீங்க. அது காட்மியத்தைக் குறிக்கும். செம்பும் வெள்ளியும் கலந்த பழைய பற்றாசு நகையின் மாற்றைக் குறைத்தது. காட்மியம் குறைந்த சூட்டில் உருகும், மாற்றும் பெரிசாக் குறையாது. ஆனால் அது 767 டிகிரியில் கொதிச்சு ஆவியாகும். அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வாங்கினவங்களுக்குத் தரம், குனிந்து ஊதினவருக்கு நோய். இன்றைய ஹால்மார்க் விதிகளில் காட்மியத்துக்கு இடமில்லை.

இப்போ இன்னொரு வழி. 1831-ல் மைக்கேல் ஃபாரடே, மாறுகிற காந்தப்புலம் பக்கத்துக் கம்பியில் மின்னோட்டத்தைத் தூண்டும்னு காட்டினார். அந்த ஓட்டம் உலோகத்தைச் சூடாக்கும். மின் இயந்திரம் செய்றவங்களுக்கு அது நஷ்டம். இரும்பைத் தகடு தகடா அடுக்கி அதைக் குறைச்சாங்க. அந்த நஷ்டத்தையே 1916-ல் உலையாக்கினவர் பிரின்ஸ்டன் பேராசிரியர் எட்வின் நார்த்ரப். உயர் அதிர்வெண் மின்சாரம் ஓடும் சுருளுக்குள் உலோகத்தை வைத்தார். சுடரே இல்லாமல் உருகியது. பிறகு ரேடியோ வால்வு செய்தவங்க, மூடின கண்ணாடிக்குள் இருக்கிற உலோகத்தை வெளியிலிருந்தே சிவக்க வைச்சாங்க. கண்ணாடியில் மின்சாரம் ஓடாது, அதனால் அது நேரடியாச் சூடாகாது. பீங்கானும் அப்படித்தான்.

நான் கல்லூரித் தேர்வில் சுழல் மின்னோட்டத்துக்கு ஃபார்முலா எழுதி மார்க் வாங்கினவன். அது ஒரு பட்டறைக் கருவின்னு அப்போ தோணவே இல்லை. இன்று லேத் உளியின் எஃகுத் தண்டில் கார்பைடு நுனியைப் பற்றவைக்க இதே சுருள்தான். நடுவே வெள்ளிப் பற்றாசு, மேலே ஃபிளக்ஸ், சில நொடி மின்சாரம். சூடு சுருளுக்குப் பக்கத்தில் மட்டும். அடுத்த உளிக்கும் அதே அளவு, அதே நேரம்.

சரி, சுருள் வந்ததும் பொற்கொல்லர் தப்பிச்சாரா? பொடியில் காட்மியம் இருந்தா சுருளிலும் அதே புகைதான். சுருள் மாத்தினது நெருப்போட இடத்தை. மூச்சுக் காற்றைக் காப்பாத்துறது, பொடியில் என்ன இருக்குன்னு கேட்கிற விதி. அடுத்த முறை ஒரு ஒட்டு பார்த்தா, எது ஒட்டினதுன்னு மட்டும் கேட்காதீங்க. அதை யார் சுவாசிச்சாங்கன்னும் கேளுங்க.