ஆட்டு ரத்தத்தில் கிடைத்த துகள்



போன வாரம் என் தங்கை முட்டிவலிக்காக ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். "எக்ஸோசோம் ஊசி போட்டால் தேய்ந்த ஜவ்வு வளர்ந்துவிடும்" என்றார்களாம். வளையலை அடகு வைக்கலாமா என்று கேட்க வடக்கனந்தலுக்கு வந்துவிட்டாள். அது என்ன ஊசி என்று உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் உடம்பின் செல்கள் நுண்ணிய பைகளை வெளியே விட்டபடியே இருக்கின்றன. அளவு 30 முதல் 150 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு!

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டோன் என்ற அம்மையார் இருந்தார். போலந்தில் பிறந்தவர். அவர் ஆராய்ந்தது செம்மறியாட்டு ரத்தம். (மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு ஆடு புதிதா என்ன!) இளம் சிவப்பணுவில் இரும்புச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்ள ஒரு புரதம் இருக்கும். அணு முதிர்ந்ததும் அது காணாமல் போய்விடும். எங்கே போகிறது என்று தேடியவர், சின்னப் பைகளில் கட்டி வெளியே தள்ளப்படுவதைக் கண்டார். 1983இல் இது வெளிவந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் பிலிப் ஸ்டால் குழுவினரும் எலி ரத்தத்தில் இதையே கண்டார்கள். 1987இல் ஜான்ஸ்டோன் குழு எக்ஸோசோம் என்ற பெயரைப் பயன்படுத்தியது. ஆனாலும் பலருக்கு அது செல்லின் குப்பைதான்.

2007இல் ஸ்வீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் அந்தப் பைகளுக்குள் ஆர்.என்.ஏ. இருப்பதையும், அது வேறு செல்லுக்குள் போய் வேலை செய்வதையும் காட்டினார்கள். குப்பை என்று நினைத்தது தபாலாக இருந்தது! அப்படியானால் அதில் மருந்தை ஏற்றி அனுப்பலாமே என்ற ஆசை பிறந்தது. புற்றுநோய், ஆறாத புண், மூட்டுத் தேய்மானம் என்று ஆராய்ச்சி நடக்கிறது. சிக்கல் என்னவென்றால், பைக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதை ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒரே மாதிரி வைப்பது கடினம்.

2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மக்களை எச்சரித்தது. நெப்ராஸ்கா மாநிலத்தில் எக்ஸோசோம் என்று சொல்லித் தரப்பட்டவற்றால் நோயாளிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட எந்தத் தயாரிப்புக்கும் தான் ஒப்புதல் தரவில்லை என்றும் அது சொன்னது.

தங்கையிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ வலிக்கு என்னண்ணா பண்றது?" என்றாள். நியாயமான கேள்வி. திங்கட்கிழமை கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நானே கூட்டிப் போகிறேன்.

உங்களில் யாரிடமாவது இந்த ஊசியைச் சொல்லியிருந்தால், பணம் கட்டும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள்.