ஆண்டிபட்டி சட்டமன்றத் தொகுதி

ஆண்டிபட்டி, தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலுள்ள சட்டமன்றத் தொகுதி. தொகுதி எண் 198. ஆண்டிபட்டி வட்டமும் உத்தமபாளையம் வட்டத்தின் ஒரு பகுதியும் இதில் அடங்கும். பழைய பெரியகுளம் மக்களவைத் தொகுதியில் இருந்த இது, 2008 மறுவரையறைக்குப் பின் தேனி மக்களவைத் தொகுதியின் ஆறு பிரிவுகளில் ஒன்றானது. முதலமைச்சர்களாக இருந்த எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் இங்கிருந்து சட்டமன்றத்துக்குச் சென்றதால் 'வி.ஐ.பி. தொகுதி' என்றும் 'அ.தி.மு.க. கோட்டை' என்றும் பெயர் பெற்றது. இவற்றில் முதல் பெயர் பொருத்தமானதுதான். இரண்டாவதைத் தேர்தல் கணக்கு முழுதாக ஒப்புக்கொள்வதில்லை.

நிலமும் மக்களும்

மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியே வரும் சாலை, கணவாயைக் கடந்து இறங்கினால் ஆண்டிபட்டி. தெற்கே கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என்று மலையடிவாரக் கிராமங்கள் நீள்கின்றன. அதற்கு மேலே மேகமலை. மூல வைகை இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் இறங்குகிறது. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையும் ஆண்டிபட்டிக்கு அருகில்தான் இருக்கிறது. அணைக்காக நிலத்தையும் வீட்டையும் விட்டு வெளியேறியவர்களின் கதையே வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. அணை பக்கத்திலேயே இருந்தும் தொகுதியின் பெரும்பகுதி மழையை நம்பிய மானாவாரி நிலம். அதனால் எந்தத் தேர்தலானாலும் இங்கே முதல் வாக்குறுதி தண்ணீராகவே இருக்கும். சக்கம்பட்டியும் டி. சுப்புலாபுரமும் நெசவுக்குப் பேர் போனவை. நூல் விலையும் கூலியும் அங்கே வாக்கைத் தீர்மானிக்கும் விஷயங்கள். பிரமலைக் கள்ளர் சமூகத்தினர் கணிசமாக வாழும் பகுதி இது. வேட்பாளர் தேர்வில் எல்லாக் கட்சிகளும் இதைக் கணக்கில் வைக்கின்றன.

தொடக்க காலம்

1967, 1971 ஆகிய இரண்டு தேர்தல்களிலும் இத்தொகுதியைச் சுதந்திராக் கட்சி கைப்பற்றியது. முதல் முறை அக்கட்சி தி.மு.க.வின் கூட்டாளி, இரண்டாம் முறை தி.மு.க.வை எதிர்த்து நின்ற காமராசரின் பழைய காங்கிரசோடு கைகோத்திருந்தது. தமிழ்நாடெங்கும் தி.மு.க. அலை வீசிய 1971இலும் ஆண்டிபட்டி அதற்கு வளையவில்லை. 1977இல் அ.தி.மு.க.வின் கே. கந்தசாமி வென்றார். 1980இல் அதே கட்சி சார்பில் நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரன் வந்தார். இந்த வட்டாரம் அவருக்குப் புதிதல்ல. 1962இலேயே பக்கத்துத் தேனி தொகுதியில் தி.மு.க. வேட்பாளராக வென்று, இந்தியாவில் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் நடிகர் என்று பெயர் பெற்றவர்.

1984: வராத வேட்பாளர்

தொகுதியின் பெயரை நாடறியச் செய்தது 1984 தேர்தல். அக்டோபர் 5ஆம் தேதி எம்.ஜி.ஆர். சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அந்த மாதக் கடைசியில் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். நவம்பர் தொடக்கத்தில் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் சேர்த்தே தேர்தல் அறிவிக்கப்பட்டபோது, மருத்துவமனையிலிருந்தபடியே ஆண்டிபட்டிக்கான வேட்புமனுவில் கையெழுத்திட்டார். முன்பு அவர் நின்ற தொகுதிகள் பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு. ஆண்டிபட்டியில் அவர் நின்றது இதுவே முதலும் கடைசியும்.

வேட்பாளர் ஊருக்கு வரவில்லை, மேடையேறவில்லை. அவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்ற வதந்திக்குப் பதிலாக, மருத்துவமனையில் எடுத்த வீடியோ தமிழ்நாடெங்கும் திரையிடப்பட்டது. டிசம்பர் 24ஆம் தேதி வாக்குப்பதிவு. எம்.ஜி.ஆர். 60,510 வாக்குகள் பெற்று, தி.மு.க. வேட்பாளரை 32,484 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இந்திரா படுகொலையால் எழுந்த அனுதாபம், காங்கிரஸ் கூட்டணி, எம்.ஜி.ஆர். மீதான கவலை ஆகிய மூன்றையும் பிரித்து எடைபோட முடியாது. 1985 பிப்ரவரியில் நாடு திரும்பி மீண்டும் முதலமைச்சராகப் பதவியேற்ற அவர், 1987 டிசம்பர் 24 அன்று இறக்கும்போதும் ஆண்டிபட்டி உறுப்பினரே. வாக்குப்பதிவு நடந்து அன்றோடு சரியாக மூன்று ஆண்டுகள்.

கட்சி உடைந்தபோது

கணவர் எம்.ஜி.ஆரின் தொகுதி தனக்குக் கைகொடுக்கும் என்று நம்பி, 1989இல் வி.என். ஜானகி ஆண்டிபட்டியில் நின்றார். கட்சி ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று பிளந்திருந்தது. கட்சியின் இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டு, ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் ஜெயலலிதா அணிக்குச் சேவலும் கிடைத்திருந்தன. ஜானகி தோற்றார், தி.மு.க.வின் பி. ஆசையன் வென்றார். அதே தேர்தலில் பக்கத்துப் போடிநாயக்கனூரில் ஜெயலலிதா வென்றது, கட்சி இனி யார் பக்கம் என்பதைக் காட்டிவிட்டது. எம்.ஜி.ஆர். பெயர் ஒன்றே போதும் என்ற எண்ணத்தை, அவரைத் தேர்ந்தெடுத்த தொகுதியே ஐந்தாண்டுக்குள் பொய்யாக்கியது.

கட்சி மீண்டும் ஒன்றானபின் வந்த 1991 தேர்தலில் அ.தி.மு.க.வின் கே. தவசி வென்றார். 1996இல் தி.மு.க.–தமிழ் மாநில காங்கிரஸ் அலையில் ஆசையன் திரும்பி வந்தார்.

2001–2011: ஜெயலலிதாவின் தொகுதி

2001 தேர்தலில் ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புதுக்கோட்டை, புவனகிரி ஆகிய நான்கு தொகுதிகளில் ஜெயலலிதா மனுத்தாக்கல் செய்தார். ஊழல் வழக்குகளில் தண்டனை பெற்றிருந்ததால் முதல் மூன்றிலும், இரண்டுக்கு மேற்பட்ட தொகுதிகளில் மனு செய்ததால் புவனகிரியிலும் மனுக்கள் தள்ளுபடியாயின. ஆண்டிபட்டியில் தங்க தமிழ்ச்செல்வன் வென்றார். உறுப்பினராகாமலேயே மே மாதம் முதலமைச்சரான ஜெயலலிதாவின் நியமனத்தைச் செப்டம்பர் 21இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அவர் இடத்துக்கு வந்தவர் இதே மாவட்டத்தின் பெரியகுளம் உறுப்பினர் ஓ. பன்னீர்செல்வம். டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. தங்க தமிழ்ச்செல்வன் பதவி விலகி வழிவிட்டார்.

2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் ஜெயலலிதா 78,437 வாக்குகளும் தி.மு.க.வின் வைகை சேகர் 37,236 வாக்குகளும் பெற்றனர். வித்தியாசம் 41,201. மார்ச் 2ஆம் தேதி ஜெயலலிதா மீண்டும் முதலமைச்சரானார். பதவியை விட்டுக்கொடுத்தவருக்கு மாநிலங்களவை இடம் கிடைத்தது. முதலமைச்சரின் தொகுதி என்பதால் ஊருக்குக் கிடைத்தவையும் உண்டு, க. விலக்கில் 2004இல் தொடங்கிய தேனி அரசு மருத்துவக் கல்லூரி அவற்றில் முக்கியமானது.

2006இல் ஜெயலலிதா தி.மு.க.வின் சீமானை (இயக்குநர் சீமான் அல்லர்) 25,186 வாக்குகளில் வென்றார், ஆட்சி தி.மு.க.வுக்குப் போனது. இது கவனிக்கத்தக்கது. 1977 முதல் 2001 வரை நடந்த ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் ஆண்டிபட்டி ஆளுங்கட்சி உறுப்பினரையே அனுப்பியிருந்தது. அந்த வரிசை முதலில் அறுந்தது, அது 'அம்மா தொகுதி' என்று அழைக்கப்பட்ட நாளில்தான். 2011இல் அவர் ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட்டார். தங்க தமிழ்ச்செல்வன் அந்த ஆண்டிலும் (வித்தியாசம் 21,031) 2016இலும் (30,196) தி.மு.க.வின் எல். மூக்கையாவை வென்றார்.

தகுதிநீக்கமும் சகோதரர் போட்டியும்

ஜெயலலிதா மறைவுக்குப் பின் கட்சி பிளந்தபோது தங்க தமிழ்ச்செல்வன் டி.டி.வி. தினகரன் பக்கம் நின்றார். தினகரன் 1999இல் பெரியகுளம் மக்களவைத் தொகுதியில் வென்றவர் என்பதால் ஆண்டிபட்டிக்கு அறிமுகமானவரே. அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமிக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 உறுப்பினர்களை, 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தனபால் தகுதிநீக்கம் செய்தார். 2018 ஜூனில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் இருவேறு தீர்ப்பளித்தபோது, தொகுதிக்கு உறுப்பினர் இல்லாமல் இருப்பதைவிட இடைத்தேர்தலே மேல் என்று சொல்லி வழக்கைத் திரும்பப் பெறப்போவதாகத் தங்க தமிழ்ச்செல்வன் அறிவித்தார். அக்டோபரில் மூன்றாவது நீதிபதி தகுதிநீக்கத்தை உறுதிசெய்தார். ஆண்டிபட்டி மொத்தத்தில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் சட்டமன்றத்தில் குரலின்றி இருந்தது.

2019 ஏப்ரல் 18 இடைத்தேர்தலில் தி.மு.க. ஆ. மகாராஜனை நிறுத்தியது. அ.தி.மு.க. நிறுத்தியது அவருடைய தம்பி லோகிராஜனை. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு இரவில், ஆண்டிபட்டியில் தினகரனின் அ.ம.மு.க.வினர் இருந்த இடத்தில் வருமான வரித் துறையும் பறக்கும் படையும் சோதனையிட்டன. தள்ளுமுள்ளில் போலீசார் வானத்தை நோக்கிச் சுட்டனர். 1.48 கோடி ரூபாய் பிடிபட்டது. தேர்தல் நின்றுவிடும் என்ற பேச்சு எழுந்தாலும், குறித்த நாளில் நடந்தது.

அண்ணன் 87,079, தம்பி 74,756. வித்தியாசம் 12,323. அ.ம.மு.க. பிரித்த வாக்கு அதைவிட இருமடங்குக்கும் மேல். அதே நாளில் நடந்த தேனி மக்களவைத் தேர்தலில் பன்னீர்செல்வத்தின் மகன் ரவீந்திரநாத் குமார் வென்றார், தமிழ்நாட்டில் அ.தி.மு.க. கூட்டணிக்குக் கிடைத்த ஒரே இடம் அது. மாவட்டம் முழுவதும் எதிர்க்காற்று வீசியது என்று சொல்லி ஆண்டிபட்டித் தோல்வியை விளக்க இயலாது. 1989ஐப் போலவே, கட்சி பிளந்தபோது தொகுதி கைமாறியது; 1996 அலை மட்டுமே இதற்கு விதிவிலக்கு. 'கோட்டை' என்பதன் உண்மையான பொருள், பிரியாத இரட்டை இலை வாக்கு என்பது மட்டுமே.

2021இல் சகோதரர்கள் மீண்டும் மோதினர். மகாராஜன் 93,541, லோகிராஜன் 85,003; வித்தியாசம் 8,538ஆகச் சுருங்கியது. தங்க தமிழ்ச்செல்வன் 2019 ஜூனிலேயே தி.மு.க.வில் சேர்ந்துவிட்டார். 2021இல் போடிநாயக்கனூரில் பன்னீர்செல்வத்திடம் தோற்ற அவர், 2024இல் ஆண்டிபட்டியை உள்ளடக்கிய தேனி மக்களவைத் தொகுதியில், உதயசூரியன் சின்னத்தில், தம்முடைய பழைய தலைவர் தினகரனை இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார்.