பருவை எடுத்தா நிறமும் போகணுமா? ஒரு ரீடச்சிங் வரலாறு

உங்க ஸ்கூல் டி.சி. வீட்ல எங்கயாவது பத்திரமா இருந்தா எடுத்துப் பாருங்க. அதுல அங்க அடையாளங்கள்னு ஒரு பகுதி இருக்கும். இடது கன்னத்தில் ஒரு மச்சம், வலது முழங்காலில் ஒரு தழும்பு, இப்படி ரெண்டு வரி. இவர் இவர்தான்னு ஒரு பதிவேடு சொல்றதுக்கு அந்த மச்சமும் தழும்பும்தான் சாட்சி.

இப்போ அதே மச்சத்தோட தி. நகர்லயோ லஸ் பக்கத்துலயோ ஒரு ஸ்டுடியோவுக்குப் போய் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக்கறீங்கன்னு வைங்க. பத்து நிமிஷத்துல கவர் கைக்கு வரும். உள்ள எட்டு போட்டோ. பரு இருக்காது. பல நேரம் மச்சமும் இருக்காது. நீங்க கேட்டிருக்கவே மாட்டீங்க. கூடவே இன்னொரு வேலையும் சத்தமில்லாம நடந்திருக்கும்: முகத்தோட நிறம் ரெண்டு படி ஏறியிருக்கும்.

இந்த எபிசோட்ல என்னோட கேள்வி இதுதான். பருவை எடுக்கறது ஒரு வேலை. நிறத்தை வெளுக்கறது வேற வேலை. இந்த ரெண்டும் ஏன் எப்பவும் ஒண்ணாவே வருது? நம்ம மக்களுக்கு சிவப்பு நிறத்து மேல மோகம்னு ஒரே வரியில முடிச்சிடலாம். அதுவும் உண்மைதான். ஆனா இந்தக் கதையில கருவிகளுக்கும் ஒரு பங்கு இருக்கு. அதைப் பார்க்க 1850-களுக்குப் போகணும்.

நீலத்தை மட்டும் பார்த்த கேமரா

ஆரம்ப காலப் புகைப்பட ரசாயனங்கள் எல்லா நிறத்தையும் சமமாகப் பார்க்கவில்லை. நீல ஒளியும் புற ஊதாக் கதிரும் பட்டால் நன்றாக வினைபுரியும். சிவப்பு பட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமே நடக்காது. இதனால ரெண்டு விளைவு. முதலாவது, நீல வானம் அளவுக்கு மீறிப் பதிவாகி, பிரிண்ட்ல வெறும் வெள்ளைக் காகிதமா வரும். ரெண்டாவது, சிவப்பும் பழுப்பும் இருக்கற எதுவுமே நிஜத்தைவிடக் கருப்பா வரும்.

இந்த முதல் பிரச்சினையை நம்ம மண்ணுலயே ஒருத்தர் சந்திச்சார். மெட்ராஸ் அப்போ புகைப்படத்துல பின்தங்கின ஊர் இல்ல. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி இங்கே இருந்தது. 1856-ல் மெட்ராஸ் போட்டோகிராஃபிக் சொசைட்டி உருவானது. அதே ஆண்டில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியை மெட்ராஸ் மாகாண அரசு தன் அதிகாரப்பூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857-58-ல் அவர் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றிக் கோயில்களைப் படம் எடுத்தார்.

அவர் பயன்படுத்தியது காகித நெகட்டிவ். கோபுரம் அழகா வரும், மேல வானம் மொட்டையா நிக்கும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவ் மேலயே மெல்லிசா நிறமி பூசி மேகம் வரைந்தார். மரத்து இலைகளுக்கும் கொஞ்சம் கைவேலை பார்த்தார். அரசாங்க ஆவணமா எடுத்த படத்திலயே ரீடச்சிங்!

இதே மனுஷர்தான் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, சுமார் 6 மீட்டர் நீளத்துக்கு ஒட்டவும் வைத்தார். அவர் பொய் சொல்ல வந்தவர் இல்ல. கண்ணுக்குத் தெரிஞ்ச மேகத்தைக் கேமரா தவறவிட்டதால கையால திருப்பிக் கொடுத்தார். மெட்ராஸ் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் செலவு அதிகம் என்று இந்தத் திட்டத்தையே மூடிவிட்டார். அது தனிக்கதை.

வெளுக்க மட்டுமே தெரிஞ்ச பென்சில்

இப்போ அதே ரசாயனத்தை முகத்து பக்கம் திருப்புங்க. லேசான சிவப்புப் பரு, கண்ணுக்குச் சரியாத் தெரியாத தவிட்டு நிறப் புள்ளி, எல்லாமே தட்டுல கரும்புள்ளியா விழும். அதாவது, நிஜ முகத்துல இருந்ததைவிட அதிகமான கறையைக் கேமராவே உண்டாக்குச்சு. காசு கொடுத்து உட்கார்ந்தவருக்குக் கோபம் வராதா? ஸ்டுடியோக்களுக்கு ரீடச்சிங் ஆடம்பரமா இருக்கல, பிழைப்புக்கே தேவையா இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மவுண்ட் ரோட்டில் நிக்கோலஸ் அண்ட் கோ, வீலே அண்ட் க்ளைன் மாதிரி ஸ்டுடியோக்கள் பேர் வாங்கியது இந்தக் காலத்தில்தான்.

வேலை எப்படி நடக்கும்? சாய்வான ஒரு சின்ன மேசை. நடுவுல நெகட்டிவ் கண்ணாடியை வைக்க ஒரு திறப்பு. கீழ ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, அது ஜன்னல் வெளிச்சத்தை மேல அனுப்பும். நெகட்டிவ் மேல ஒரு பிசின் கலவையை லேசாத் தேய்ப்பாங்க, பென்சில் பிடிக்கறதுக்காக. ஊசி மாதிரி சீவின பென்சிலால புள்ளி புள்ளியா வைப்பாங்க.

இங்கதான் முக்கியமான விஷயம். நெகட்டிவ்ல எல்லாம் தலைகீழ். முகத்துல கருப்பா இருக்கற பரு, நெகட்டிவ்ல ஒளி ஊடுருவற சின்ன ஓட்டையாத் தெரியும். அந்த ஓட்டையைப் பென்சிலால அடைச்சா, பிரிண்ட்ல அந்த இடம் வெள்ளையாகும். பரு காணாமப் போகும். ஆனா யோசிச்சுப் பாருங்க: பென்சிலால நெகட்டிவ்ல கருமையைக் கூட்ட மட்டும்தான் முடியும். அப்படின்னா பிரிண்ட்ல அதால வெளுக்க மட்டும்தான் முடியும். கருக்கணும்னா கத்தியால நெகட்டிவ்வைச் சுரண்டணும். கை ஒரு தடவை வழுக்கினா படமே காலி.

அதனால சுலபமான திசை எப்பவும் ஒண்ணுதான். கண்ணுக்குக் கீழ இருக்கற நிழலா, வெள்ளை. கன்னத்துக் குழியா, வெள்ளை. நெற்றிச் சுருக்கமா, வெள்ளை. பருவை எடுக்கற கருவியும் நிறத்தை ஏத்தற கருவியும் ஒரே பென்சில். கறைன்னா கருப்பு, திருத்தம்னா வெளுப்பு. யாரும் உட்கார்ந்து கொள்கையா முடிவு பண்ணல. கருவிக்குள்ளயே அந்தக் கணக்கு இருந்தது. ஏற்கெனவே சிவப்பு நிறத்தைக் கொண்டாடற சமூகத்துக்கு அது ரொம்ப வசதியாப் பொருந்திப் போச்சு.

இருபதாம் நூற்றாண்டில் சிவப்பையும் பார்க்கும் பான்குரோமேட்டிக் ஃபிலிம் பரவியது. ரசாயனம் சொன்ன சாக்கு தீர்ந்தது. பழக்கம் தீரல. கலர் வந்தபோது வேற ஒரு சாய்வு வந்தது. லேப் மெஷின்களைச் சரிபார்க்க கோடக் அனுப்பிய மாதிரி அட்டைகளில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அந்த முகம் சரியா வந்தா மெஷின் சரின்னு அர்த்தம். கருத்த முகம் சரியா வருதான்னு ரொம்ப காலத்துக்கு யாரும் பார்க்கல.

தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் 1880 முதல் 1980 வரை எடுத்த படங்களை பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றின் உதவியுடன் டிஜிட்டல் வடிவில் சேர்த்து வைத்திருக்கிறது. நம்ம தாத்தா பாட்டிகள் எப்படித் தெரியணும்னு விரும்பினாங்க என்பதற்கு அது ஒரு பெரிய சாட்சி.

மறைக்காம விட்ட கட்டு

எல்லாரும் எப்பவும் கறையை மறைச்சாங்கன்னு நினைச்சுக்காதீங்க. தமிழ்நாட்டு அரசியல்ல ரொம்பப் பெரிய வேலை செய்த ஒரு படத்துல காயம்தான் மையம். 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் வீட்டில் எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார். ராயப்பேட்டை மருத்துவமனை, பிறகு ஜி.எச். கழுத்தில் கட்டுடன் எம்.ஜி.ஆர். படுக்கையில் இருக்கும் படம் போஸ்டராகி ஊர் ஊராகப் போனது. அடுத்த மாதமே தேர்தல். பிரசாரத்துக்குப் போகாமலே அவர் பரங்கிமலையில் ஜெயித்தார். தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது.

திரையில ஒரு மடிப்புகூடக் கலையாம வந்த முகம் அது. அந்தக் கட்டை யாரும் ரீடச் பண்ணல. ஏன்னா அந்தப் படத்துக்கு வேலை அந்தக் கட்டுதான். எது கறை, எது செய்தி என்பது தோல்ல எழுதியிருக்கறது இல்ல. படத்தை எதுக்காகப் பயன்படுத்தறோம் என்பதுதான் முடிவு பண்ணுது.

ரெண்டையும் பிரிச்ச கணக்கு

இப்போ நம்ம ஏரியா, சாஃப்ட்வேர். 1987-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நோல், தம்பி ஜான் நோலுடன் சேர்ந்து தொடங்கியதுதான் போட்டோஷாப். 1990-ல் முதல் பதிப்பு. அது திறக்கும்போது வரும் பெயர்ப் பட்டியலில் பல வருஷம் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பார்த்து, "இது நம்ம ஊர்ப் பேராச்சே" என்று நினைத்தவங்க நிறையப் பேர்.

ஆரம்பத்துல பருவை எடுக்க க்ளோன் ஸ்டாம்ப். பக்கத்துல நல்ல தோல் இருக்கற இடத்தைக் காப்பி பண்ணி பரு மேல ஒட்டறது. சிக்கல் என்னன்னா, காப்பி பண்ணினா நிறமும் வெளிச்சமும் சேர்ந்து வரும். வெளிச்சமான நெற்றியில இருந்து எடுத்து நிழலான கன்னத்துல வெச்சா, திட்டுத் திட்டாத் தெரியும்.

2002-ல் போட்டோஷாப் 7-ல் ஹீலிங் பிரஷ் வந்தது. அதோட யோசனை ரொம்ப அழகு. தோலை ரெண்டு விஷயமாப் பிரிச்சுப் பாருங்க: ஒண்ணு, துளைகளும் மெல்லிய வரிகளும் சேர்ந்த டெக்ஸ்சர். இன்னொண்ணு, அந்த இடத்தோட நிறமும் வெளிச்சமும். ஹீலிங் பிரஷ், டெக்ஸ்சரை மட்டும் நல்ல இடத்துல இருந்து எடுக்கும். நிறத்தைப் பருவைச் சுத்தி இருக்கற விளிம்புல இருந்தே எடுத்து உள்ளே பரப்பும். ஒரு தகட்டோட ஓரங்கள்ல சூடு கொடுத்தா அது நடுப்பகுதிக்கு எப்படிச் சீராப் பரவுமோ, கிட்டத்தட்ட அதே வகைக் கணிதம். காலேஜ்ல நாம எல்லாரும் எதுக்குன்னே தெரியாம மனப்பாடம் பண்ணின டிஃபரன்ஷியல் ஈக்வேஷனோட சொந்தக்காரங்கதான்.

இதுக்கு என்ன அர்த்தம்? உங்க கன்னம் என்ன நிறமோ, அதே நிறத்துலயே பரு மறையும். பென்சிலுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு முதல் முறையா கிடைச்சது: பருவை எடு, நிறத்தைத் தொடாதே. 2002-லிருந்து "கருவி அப்படி" என்று சொல்ல வழியில்ல. அதுக்கப்புறமும் ஸ்டுடியோவுல கர்வ்ஸைத் திறந்து முகத்தை ஏத்தினா, அது கையோட முடிவு.

மறுபடியும் பென்சில்

கையோட முடிவுங்கறதால அதை எதிர்த்துக் கேட்கவும் முடிஞ்சது. 2009-ல் சென்னையிலிருந்து இயங்கும் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' பிரசாரத்தைத் தொடங்கியது. 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரை மாற்றியது. ஷாதி டாட் காம் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எடுத்தது. அதே ஆண்டு கூகுள், தன் புதிய பிக்சல் போன்களின் செல்ஃபி கேமராவில் முகத் திருத்தத்தைத் தானாக இயங்காதபடி அணைத்து வைத்தது.

கடைசி விஷயம்தான் எஞ்சினியரா எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. டிஃபால்ட் என்னவோ, பெரும்பாலான பேரோட முகம் அதுதான். நிறைய போன்கள்ல பியூட்டி மோடுன்னு ஒரே ஒரு ஸ்லைடர் இருக்கு. அதை நகர்த்தினா தோல் வழவழப்பாகும், அதே அசைவுல வெளுக்கவும் செய்யும். 2002-ல் கணிதம் கஷ்டப்பட்டுப் பிரிச்ச ரெண்டு விஷயத்தை ஒரு யூ.ஐ. திரும்ப ஒட்டி வெச்சிருக்கு. பென்சிலுக்கு வேற வழி இல்ல. நமக்கு இருக்கு. இருந்தும் பென்சிலையே மறுபடி செஞ்சு வெச்சிருக்கோம்.

இதுல என்ன நஷ்டம்னு கேட்கலாம். ஜாதகத்தோட போற போட்டோவை எடுத்துக்கோங்க. பெண் பார்க்க வர்ற குடும்பம் அந்தப் படத்தை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் படியேறுது. நேர்ல இருக்கற பொண்ணு எந்தத் தப்பும் பண்ணல, ஆனா தன்னோட போட்டோகிட்டயே தோத்துப் போறா. பருவோட சேர்த்து அவளோட நிறத்தையும் குறைகள் பட்டியல்ல யாரோ எழுதியாச்சு.

இன்னொரு நஷ்டம் மெதுவா வரும். நம்ம வீடுகள்ல ஒருத்தர் இறந்ததும் அவசரமாத் தேடறது நல்ல ஒரு போட்டோவை. பல நேரம் கிடைக்கறது பாஸ்போர்ட் சைஸ்தான். அதைப் பெருசாக்கி, இன்னும் கொஞ்சம் வெளுத்து, மாலை போட்டு மாட்டுவோம். அப்பாவோட தாடைத் தழும்பு அதுல இருக்காது. பேரனுக்குத் தெரியறது அந்தப் படத்துல இருக்கற தாத்தா மட்டும்தான்.

ரீடச்சிங்கே வேண்டாம்னு நான் சொல்லல. நாலு நாள்ல போற பருவை எடுக்கறதுல ஒரு பொய்யும் இல்ல. அடுத்த வாரக் கண்ணாடியில அது இருக்கப் போறதில்ல. ஆனா மச்சமும் தழும்பும் நிறமும் அடுத்த வாரமும் இருக்கும், அடுத்த வருஷமும் இருக்கும். அதுங்களைத் தொடறதுக்கு முன்னாடி படத்துல இருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்.

அதனால அடுத்த தடவை ஸ்டுடியோவுல அந்த அண்ணன் மானிட்டர் முன்னாடி உட்காரும்போது பக்கத்துல போய் நில்லுங்க. "அண்ணா, பரு மட்டும் எடுங்க, கலர் தொடாதீங்க, மச்சம் அப்படியே இருக்கட்டும்"னு சொல்லுங்க. அவருக்கும் வேலை மிச்சம். நீங்க கேமரா ஆப் எழுதற டீம்ல இருந்தா, அந்த ஸ்லைடரை ரெண்டாப் பிரிச்சு, ரெண்டையும் பூஜ்யத்துல வெச்சு ரிலீஸ் பண்ணுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.