இடக் காதுக்கு வந்த வலப்பக்கத்து வம்பு

1881. பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கூட்டம் முண்டியடித்தது. ஓபரா அரங்க மேடையிலிருந்து கிளெமாங் அதேர் கம்பி இழுத்து வந்திருந்தார். காதுக்கு ஒன்றாக இரண்டு தொலைபேசிக் குழல்களை ஒட்டிப் பிடித்தால், பாடகர் மேடையில் இடமிருந்து வலம் நடப்பதுகூடத் தெரிந்தது. குழல் காதை விட்டு விலகியதும் மாயம் மறைந்தது. அதைக் காற்றில் மிதக்கவிட வழி உண்டா?

பிற்காலத்தில் ஒலிபெருக்கிகள் வந்தன, வம்பும் வந்தது. வலப்பெட்டியின் சத்தம் இடக் காதிலும் போய் விழுந்தது. வலக் காதைத் தொட்டபின் இடக் காதை அடைய அதற்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படவில்லை. அந்தத் துளித் தாமதம் போதும், சத்தம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்பதை மூளை கண்டுபிடித்துவிடும். 1961இல் பெஞ்சமின் பாவர் ஒரு யோசனை சொன்னார்: முள்ளை முள்ளால் எடுப்பதுபோல, வழிதவறி வரும் அலையை நேர் எதிரான அலையால் அழித்துவிடலாம். ஆனால் இடப்பெட்டி அனுப்பும் எதிர் அலை வலக் காதுக்கும் போகுமே! அதை அழிக்க இன்னொன்று, அதையும் அழிக்க மற்றொன்று... இதற்கு முடிவு எங்கே?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஒலியியல் கற்பித்த பிஷ்ணு அடால், அதே 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே ஜெர்மானியர் மான்ஃபிரட் ஷ்ரோடருடன் சேர்ந்து, முடிவில்லாத அந்தச் சங்கிலியை ஒரே சுழல் சுற்றுக்குள் அடக்கினார். 1962இல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. அதே ஆண்டு நியூயார்க்கில் பெரும் பொருட்செலவில் திறக்கப்பட்ட ஃபில்ஹார்மோனிக் அரங்கம், மோசமான ஒலியால் பேரைக் கெடுத்துக்கொண்டது. கோளாறைக் கண்டறிய பெல் குழுவை அழைத்தார்கள். குழு அளந்து பார்த்தது. ஆனால் நல்ல அரங்கம் எது என்பதற்கே உரைகல் இல்லை. ஓர் ஊரில் கேட்ட இசையை, இன்னோர் ஊருக்குப் போய்ச் சேரும்வரை காது நினைவில் வைத்திருக்குமா?

விடை 1974இல், ஜெர்மனியின் கோட்டிங்கனில் கிடைத்தது. ஷ்ரோடர் குழு ஐரோப்பிய அரங்குகளில், காதுகளில் மைக் பொருத்திய பொம்மைத் தலையை உட்காரவைத்து மொசார்ட் இசையைப் பதிவு செய்தது. எதிரொலியே எழாத அறையில் இரண்டு ஒலிபெருக்கிகள், வழிதவறும் அலையை அழிக்கும் அதே முறையில், அதை ஒலித்தன. விசையைத் தட்டினால் அரங்கமே மாறியது! இரு காதுகளிலும் விழும் ஒலி எவ்வளவுக்கு வேறுபடுகிறதோ, அவ்வளவுக்கு அந்த அரங்கம் பிடித்துப்போனது. ஆனால் தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் மாயம் கலைந்தது. போதாக்குறைக்குக் கணக்குச் சுமை வேறு. ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடுமா இந்த வித்தை?

1989இல் டுவேன் கூப்பரும் ஜெரால்டு பாக்கும் சுமையைக் குறைத்தார்கள். இரு ஒலிகளின் கூட்டலையும் கழித்தலையும் தனித்தனியே வடிகட்டினால், நான்கு வடிகட்டிகளின் வேலை இரண்டிலேயே முடிந்தது. அடுத்த திருப்பம் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில். ஒலிபெருக்கிகள் விலகி இருப்பதே நல்லது என்று உலகம் நம்பியிருக்க, 1998இல் ஆய்வாளர்கள் இரண்டையும் கிட்டத்தட்ட ஒட்டியே வைத்தார்கள். தலையின் சிற்றசைவு இப்போது அவ்வளவாகக் கெடுக்கவில்லை. இவ்வளவு நெருக்கம் என்றால், இரண்டு பெட்டி எதற்கு?

மலேசியாவின் தஞ்சோங் ரம்புத்தான் தாமான் வீடுகளில் தொலைக்காட்சிக்குக் கீழே நீளமாகக் கிடக்கும் சவுண்ட்பார்தான் அந்த ஒற்றைப் பெட்டி. சில வகைகள் சத்தத்தைச் சுவரில் மோதவிட்டுத் திருப்புகின்றன. வேறு பலவற்றுக்குள் ஓடுவது அடால், ஷ்ரோடர் போட்ட கணக்கின் வாரிசு. படத்தில் ஹெலிகாப்டர் சோபாவுக்குப் பின்னால் பறக்கிறது. பின்னால் ஒரு பெட்டியும் இல்லை. ஒரு குறை மட்டும் இன்னும் முழுதாகத் தீரவில்லை: நடுவில் உட்காருபவருக்கே முழு விருந்து, ஓரத்தில் இருப்பவருக்கு மிச்சம்தான்.