குற்றாலம் போதாதென்று ஒரு தீவு

கீழப்பாவூர்க்காரர்களுக்குக் குளியல் புதிதில்லை. ஊரில் குளம், சாரல் விழுந்தால் குற்றாலம் கூப்பிடு தூரம். ஆனாலும் குடும்பத்தோடு நாலு நாள் வெளியே போவதென்றால் என் ஆச்சிக்கு அது ராமேஸ்வரம் தீவுதான். புண்ணியத்துக்குப் புண்ணியம், பிள்ளைகளுக்குக் கடல்.

1987 கோடை விடுமுறை. ஓலைப்பெட்டியில் புளியோதரை. மண்டபம் வரை பஸ், பிறகு ரயில். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம்தான் அன்று தீவுக்கு ஒரே பாலம். சாலைப் பாலம் அடுத்த வருஷம்தான் வந்தது. சன்னல் வழியே பார்த்தால் கைப்பிடிச் சுவர் கிடையாது, நேரே கடல். ஆச்சி கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் காசு எறிந்தோம்.

அக்னி தீர்த்தக் கடலில் முங்கிவிட்டு, ஈரத்துணியோடு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். கிணற்று மேட்டில் நிற்பவர் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார். ஆச்சி நாக்கில் நனைத்துப் பார்த்தாள்: "ஏல, இது நம்ம ஊர்த் தண்ணி மாதிரில்லா இருக்கு!"

மறுநாள் தனுஷ்கோடி. ஒரு காலத்தில் சென்னையிலிருந்து வரும் போட் மெயில் அங்கே நிற்கும். பயணிகள் கப்பலேறித் தலைமன்னார் போவார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் பயணிகளோடு வந்த ரயிலையும் ஊரையும் கொண்டுபோனது. இடிந்த தேவாலயச் சுவரில் கைவைத்து ஆச்சி வெகுநேரம் பேசவில்லை.

2017 முதல் தனுஷ்கோடியின் கோடியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் தூக்குப் பாலமும் திறந்தாயிற்று. பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்; செல்பி எடுக்குமுன் அந்த ரயிலின் கதையைச் சொல்லுங்கள்.